பருப்பு வேகாத தண்ணீர்

விருதுநகர், சிவகாசி, சாத்தூர் பக்கத்து வீடுகளில் தண்ணீருக்கு இரண்டே பெயர்தான்: நல்ல தண்ணி, உப்புத் தண்ணி. நல்ல தண்ணி எப்போது வருமென்று காத்திருந்து குடத்தில் பிடித்துவைப்பது. உப்புத் தண்ணி மோட்டார் போட்டால் மாடித் தொட்டிக்கு ஏறுவது. அதில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது, கொதிக்கவைத்தால் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும். சமையலுக்கு ஒரு டம்ளர்கூட எடுக்காத அந்தத் தண்ணீரைத்தான் பால்கனியில் இருக்கும் கறிவேப்பிலைத் தொட்டிக்கும், ஜன்னலோரத்து மணி பிளான்டுக்கும், மாடியில் வைத்த ரோஜாவுக்கும் நாள் தவறாமல் ஊற்றுகிறோம். சில மாதம் போனதும் கொழுந்து மஞ்சளடிக்கிறது. அதற்கப்புறம் செடி வைத்த உயரத்திலேயே நின்றுவிடுகிறது. உடனே கை உரப் பொட்டலத்தைத் தேடுகிறது. இந்த வட்டாரத்தில் தொட்டிச் செடி மஞ்சளாவதும் வளராமல் நிற்பதும் பெரும்பாலும் பசியால் வருவதில்லை என்பது என் வாதம். சாப்பாடு மண்ணிலேயே இருக்கிறது. அதை எடுக்கவிடாமல் வேரைத் தடுப்பது அந்தத் தண்ணீர். அதன்மேல் போடும் ஒவ்வொரு கரண்டி உரமும் கேட்டைக் கூட்டத்தான் செய்யும்.

முதல் சாட்சி இலையே. எந்த இலை மஞ்சளாகிறது என்று பார்த்தாலே பாதி விஷயம் தெரிந்துவிடும். தழைச்சத்து, சாம்பல்சத்து, மெக்னீசியம் ஆகியவை செடிக்குள் இடம்பெயரக்கூடியவை. பற்றாக்குறை வந்தால் செடி முதிர்ந்த இலையிலிருந்து அவற்றை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பிவிடும். ஆகவே இந்தச் சத்துகள் குறைந்தால் அடியிலைதான் முதலில் பழுக்கும். தழைச்சத்து என்றால் இலை முழுக்க ஒரே சீராக வெளுக்கும். சாம்பல்சத்து என்றால் ஓரம் கருகும். மெக்னீசியம் என்றால் நரம்பு பச்சையாக நிற்க இடைவெளி மஞ்சளாகும். இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் அப்படி இடம்பெயராது. ஒருமுறை ஓர் இலையில் போய்ச் சேர்ந்தால் அங்கேயே தங்கிவிடும். அதனால் இரும்பு கிடைக்காதபோது அடியிலை கரும்பச்சையாக இருக்க, கொழுந்து மட்டும் வெளுக்கும். மஞ்சளாகிப் போன ஒரு கறிவேப்பிலை ஈர்க்கை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். அடியில் இருக்கும் ஈர்க்கில் ஒவ்வொரு இலையும் கெட்டியாக, எண்ணெய் தடவியதுபோல இருக்கும். நுனியில் இருப்பதில் இலை சிறுத்து, எலுமிச்சம்பழ நிறத்துக்குப் போய், அதன்மேல் நரம்புகள் மட்டும் பச்சை நூலால் பின்னிய வலைபோலத் தெரியும். இன்னும் முற்றினால் அந்த நூலும் மறைந்து இலை வெள்ளைக் காகிதமாகி, நுனி கருகத் தொடங்கும். விருதுநகர்ப் பக்கத்துத் தொட்டிகளில் அதிகம் காண்பது இந்த இரண்டாவது வகைதான். அடியிலை பழுத்துக் கொழுந்து நன்றாக இருந்தால் செடிக்கு உண்மையிலேயே பசி; தொழு உரமோ மண்புழு உரமோ கொஞ்சம் கொடுக்கலாம். கொழுந்து வெளுத்து அடியிலை நன்றாக இருந்தால் உரப் பொட்டலத்தை மூடி வைத்துவிட்டு வேரையும் தண்ணீரையும் பார்க்க வேண்டும்.

மண்ணில் இரும்பு இல்லாமலா போய்விட்டது என்ற கேள்வி வரும். இல்லாமல் போகவில்லை. சாதாரண மண்ணில் நூற்றுக்கு 1 முதல் 5 பங்குவரை இரும்பு உண்டு. பத்து கிலோ மண் பிடிக்கும் தொட்டியில் குறைந்தது 100 கிராம் இருக்கும். செடிக்கு வேண்டியதோ, ஒரு கிலோ காய்ந்த இலைக்கு ஏறத்தாழ 100 மில்லிகிராம். களஞ்சியம் நிறைந்திருக்கிறது, கதவுதான் பூட்டியிருக்கிறது. அந்தப் பூட்டுக்குக் கார அமில நிலை என்று பெயர். 7 என்பது நடுநிலை; அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். இந்த அளவில் ஓர் எண் ஏறினால், மண் நீரில் கரையும் இரும்பு ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். 6இல் தாராளமாகக் கிடைத்தது 8இல் அறவே கிடைக்காமல் போவது இதனால்தான். வேரும் சும்மா இருப்பதில்லை. தன்னைச் சுற்றி அமிலத்தைச் சுரந்து இரும்பைக் கரைக்கப் பார்க்கிறது. உப்புத் தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட் அந்த அமிலத்தை உடனுக்குடன் அடித்துவிடுகிறது. வேர் சுரக்கச் சுரக்கக் குழாய் அணைத்துக்கொண்டே இருக்கிறது. இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. பிரான்சில் 1840களில் யூஜேப் கிரி என்பவர், மஞ்சளடித்த இலைகள்மேல் இரும்பு உப்புக் கரைசலைத் தடவி, தடவிய இடம் பச்சையாவதைக் காட்டினார். மண்ணில் இரும்பு இருந்தும் சுண்ணாம்பு மண்ணில் வளரும் செடி பட்டினி கிடக்கிறது என்பதை அதன்பிறகு உலகமெங்கும் திராட்சைத் தோட்டக்காரர்கள் அறிந்துகொண்டார்கள்.

ஏன் இங்கே இது இவ்வளவு தீவிரமாக இருக்கிறது என்பதற்கான விடை, சிவகாசி ஏன் சிவகாசியானது என்பதற்கான விடையோடு ஒட்டியே இருக்கிறது. 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்றுக்கொண்டு வந்தார்கள். அது இந்த மண்ணில் வேர்பிடித்ததற்குக் காய்ந்த காற்றும் குறைந்த மழையும் பெரிய துணை. குச்சி காய வேண்டும், மருந்து காய வேண்டும், அச்சடித்த காகிதம் காய வேண்டும். வருஷத்துக்குச் சராசரியாக 800 மில்லிமீட்டரை ஒட்டிய மழை, அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். மிச்ச மாதமெல்லாம் வெயில். தொழிலுக்கு உதவிய அதே வறட்சிதான் மண்ணில் உப்பைத் தங்கவைத்தது. நல்ல மழை பெய்யும் ஊரில் தண்ணீர் மண்ணின் சுண்ணாம்பைக் கரைத்து ஆற்றுக்கும் கடலுக்கும் கொண்டுபோய்விடும். இங்கே தண்ணீர் கொஞ்சதூரம் இறங்கி, வெயிலில் திரும்ப ஏறி ஆவியாகிவிடுகிறது. சுண்ணாம்பு போக வழியில்லாமல் நிற்கிறது. கரிசலை வெட்டினால் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுக்கான்கல் வருவது அதனால்தான். ஆலங்குளத்தில் அரசின் சிமென்ட் ஆலையும், துலுக்கப்பட்டி பக்கம் ஆர்.ஆர். நகரில் ராம்கோ சிமென்ட் ஆலையும் இந்த மாவட்டத்தில் அமைந்தது தற்செயலாக நடந்ததில்லை; காலடியில் சுண்ணாம்புக்கல் கிடக்கிறது. அந்தப் பூமிக்குள் பலநூறு அடி இறக்கிய போர்க்குழாயிலிருந்து வரும் தண்ணீர் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் சுமந்துகொண்டு வராமல் வேறெப்படி வரும்? மேற்கே மலையடிவாரத்தில் ராஜபாளையம், வத்திராயிருப்பு பக்கம் தென்னந்தோப்பும் மாந்தோப்பும் நிற்பதையும், கிழக்கே போகப் போக வெறும் கரிசல் காடாக விரிவதையும் பேருந்தில் போகிறவர்களே பார்க்கலாம். ஒரே மாவட்டத்துக்குள் தண்ணீர் மாறுகிறது, கூடவே செடியும் மாறுகிறது.

‘எங்கள் தாத்தா காலத்தில் இதே கிணற்றுத் தண்ணீரைத்தானே கொல்லைக் கறிவேப்பிலைக்கு ஊற்றினார்கள், மரமாக நின்றதே’ என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். பதில், கொல்லையும் தொட்டியும் ஒன்றில்லை என்பது. கொல்லையில் நட்ட செடியின் வேர் தனக்குப் பிடித்த இடம் தேடி ஆழத்துக்கும் பக்கவாட்டுக்கும் போகும். ஐப்பசி அடைமழை ஒன்று வந்தால் மேல்மண் உப்பு கீழே இறங்கிவிடும். தொட்டி நான்கு பக்கமும் அடைத்த அறை. ஒரு சின்னக் கணக்குப் போடலாம். கரைந்த உப்பை அளக்கும் டி.டி.எஸ். மீட்டரில் 1000 காட்டும் தண்ணீர் என்றால் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு. தினம் ஒரு லிட்டர் ஊற்றினால் மாதத்துக்கு 30 கிராம், வருஷத்துக்கு 365 கிராம். செடி தண்ணீரை உறிஞ்சி ஆவியாக்கிவிடும்; உப்பில் மிகப் பெரும்பகுதியை விட்டுவிடும். அடித்துளை வழியாகத் தண்ணீர் வெளியேறாவிட்டால் அத்தனையும் அந்தப் பத்துக் கிலோ மண்ணிலேயே சேரும். மண்தொட்டியின் விளிம்பில் பூக்கும் வெள்ளைப் பொருக்கு அந்தச் சேமிப்பின் வெளித்தோற்றம். நகத்தால் சுரண்டினால் மாவாக உதிரும். ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் நுரை கட்டும். நுரை கட்டினால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். தொட்டி மண்ணிலும் இதே சோதனையைச் செய்து பார்க்கலாம். வீட்டில் ‘தரை அழுக்காகும்’ என்று தட்டு வைத்து, துளையிலிருந்து சொட்டு வராதபடி அளந்து ஊற்றுவது உப்புக்குப் போகிற ஒரே வழியையும் அடைத்துவிடுகிறது. அக்கறையோடு செய்வதுதான், ஆனாலும் செடிக்கு அதைவிடப் பெரிய கெடுதல் குறைவு.

இதைவிடவும் கெடுதலான ஒரு பழக்கம் கடந்த சில ஆண்டுகளில் வந்து சேர்ந்திருக்கிறது. வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. இயந்திரம் வந்தபிறகு, அதன் கழிவுக் குழாயிலிருந்து வரும் தண்ணீரை வீணாக்க மனமில்லாமல் வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறார்கள். தண்ணீர்க் கஷ்டம் தெரிந்த ஊரில் அந்த மனம் மதிக்கத் தக்கது. ஆனால் இயந்திரம் செய்யும் வேலையைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்க வேண்டும். 1000 காட்டும் தண்ணீர் மூன்று லிட்டர் உள்ளே போனால் அதில் 3 கிராம் உப்பு. நமக்கு 50 காட்டும் ஒரு லிட்டர் குடிநீர் கிடைக்கிறது. மீதி 2 லிட்டரில் ஏறக்குறைய முழு 3 கிராமும் இருக்கிறது. அதாவது கழிவுத் தண்ணீர் 1500க்குப் பக்கத்தில் காட்டும். குடிநீருக்கான இந்தியத் தரம் 500ஐ ஏற்கத்தக்க அளவாகவும், வேறு வழியே இல்லாத இடத்தில் 2000ஐ உச்ச வரம்பாகவும் வைத்திருக்கிறது. நம் உடலுக்கு ஆகாது என்று பிரித்தெடுத்த உப்பு முழுவதையும் பத்துக் கிலோ மண்ணுக்குள் கொட்டுகிறோம். அந்தத் தண்ணீரால் தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு விடலாம். தொட்டிச் செடிக்கு வேண்டாம்.

கரிசல்காட்டு விவசாயி இதை மறுத்துச் சொல்ல ஒன்று உண்டு: இதே சுண்ணாம்பு மண்ணில்தானே பருத்தியும் கம்பும் மல்லியும் விளைகின்றன? விளைகின்றன, அதுதான் என் வாதத்துக்கு வலுவான ஆதாரமும்கூட. தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணுக்கு ஒத்துவந்தது எது, வராதது எது என்று பார்த்துப் பொறுக்கி எடுத்த பயிர்கள் அவை. மண்சாற்றின் உப்பை மின்கடத்துத்திறனால் அளப்பது வழக்கம். அந்த அளவில் பருத்தி 7.7 வரை விளைச்சல் குறையாமல் தாங்கும். மிளகாய் 1.5லேயே தளரத் தொடங்கும். பீன்ஸ் 1க்கே தளரும். அருப்புக்கோட்டையில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மண்டல ஆராய்ச்சி நிலையமும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் இருப்பது இந்த மண்ணுக்கென்று தனியாகப் பயிரைப் பார்க்க வேண்டியிருக்கிறது என்பதால்தான். நர்சரி வண்டியில் வரும் ரோஜாவுக்கும் செம்பருத்திக்கும் அந்தத் தலைமுறைப் பழக்கம் கிடையாது. அவை வேறு மண்ணில், வேறு தண்ணீரில், நிழல்வலைக்குக் கீழே வளர்ந்துவிட்டு வந்தவை. நல்ல தண்ணீருக்கு வழியே இல்லாத வீட்டில் ரோஜாவோடு போராடுவதைவிடக் கற்றாழை, காகிதப்பூ, அரளி வைப்பது புத்திசாலித்தனம். கரிசல் விவசாயி தன் காட்டில் செய்ததும் இதைத்தான்.

இன்னொரு மறுப்பு, சிவகாசிக்கே உரியது. ‘பட்டாசு ஆலைக் காற்று; மருந்துத் தூசிதான் இலையைக் கெடுக்கிறது’ என்று பலரும் நம்புகிறார்கள். கந்தகப் புகை இலையைக் கெடுக்கும் என்பது உண்மை. கெடுத்தால் அது எப்படித் தெரியும் என்பதுதான் கேள்வி. கந்தக டை ஆக்சைடு தாக்கிய இலையில் நரம்புகளுக்கு நடுவே திட்டுத் திட்டாக வெளிறி, அந்தத் திட்டு செத்துக் காய்ந்துவிடும். முழுதாக விரிந்த இலைதான் அதிகம் அடிபடும். கொழுந்து மட்டும் சீராக மஞ்சளடித்து, நரம்பு வலை பச்சையாக நிற்பது அந்த வகையைச் சேர்ந்ததில்லை. மேலும், காற்று காரணமென்றால் தொட்டிக்கு எட்டடி தள்ளி நிற்கும் வேம்பும் புங்கனும் சேர்ந்தே வாட வேண்டும். அவை செழித்து நிற்கத் தொட்டி மட்டும் மஞ்சளானால் குற்றவாளி தொட்டிக்குள் இருக்கிறான். தூசி வேறொரு கெடுதல் செய்யும்: இலைமேல் படிந்து வெளிச்சத்தை மறைக்கும். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் துடைத்தால் போதும். இப்படிச் சொல்வதால், மருந்தோடு மருந்தாக நாள்முழுக்க உட்கார்ந்து வேலை செய்கிறவர்களின் நுரையீரல் பற்றிய கேள்வியைத் தள்ளிவிடுகிறேன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அது உயிர்ப்பிரச்சினை, அதற்கு ஒரு கறிவேப்பிலைத் தொட்டியைச் சாட்சிக்கு அழைக்க வேண்டியதில்லை.

வீட்டு வைத்தியங்களில் எது சரி, எது தப்பு என்பதும் இந்தக் கணக்கை வைத்தால் தெளிந்துவிடும். கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றுவது நம் பெண்கள் கைமாற்றிக் கைமாற்றிக் காப்பாற்றி வந்த வழக்கம். அதில் நியாயம் இருக்கிறது. மோரில் இருக்கும் லாக்டிக் அமிலம் வேரைச் சுற்றிய காரத்தைச் சற்றே தணிக்கும்; சில நாளைக்கு இரும்பு கரையும். ஆனால் மண்ணின் நுண்ணுயிர்கள் அந்த அமிலத்தைத் தின்று தீர்த்ததும் பழைய நிலை திரும்பிவிடும், ஏனென்றால் சுண்ணாம்பு அங்கேயேதான் இருக்கிறது. எலுமிச்சைச் சாறும் அப்படியே. லிட்டர் தண்ணீருக்கு ஒரு தேக்கரண்டி கலந்தால் பைகார்பனேட்டில் நல்ல பகுதியை அடித்துவிடும். தற்காலிக உதவி என்று தெரிந்து செய்தால் தப்பில்லை. முட்டை ஓட்டுத் தூளும் அடுப்புச் சாம்பலும் வேறு கதை. இரண்டும் சுண்ணாம்பும் காரமும். கேரளத்துச் செம்மண்ணுக்கு மருந்தாகக்கூடியது கரிசலுக்கு நஞ்சாகும். வலைத்தளக் காணொளி எந்த ஊர் மண்ணைப் பார்த்துப் பேசுகிறது என்று கேட்காமல் கேட்டதையெல்லாம் செய்வதால் வரும் வினை இது. துருப்பிடித்த ஆணியைப் புதைப்பதும் பயனில்லை. துருவும் கரையாத இரும்புதான், அது ஏற்கெனவே 100 கிராம் இருக்கிறது. டி.ஏ.பி. ஒரு கரண்டி போடுவது இன்னும் மோசம். அதிலிருக்கும் மணிச்சத்து அளவுக்கு மிஞ்சினால் இரும்பையும் துத்தநாகத்தையும் செடி எடுக்கவிடாது. இலை வெளுத்ததைப் பார்த்து டி.ஏ.பி. போட, இன்னும் வெளுக்க, இன்னும் ஒரு கரண்டி போட, கடைசியில் நுனி கருகிச் செடியே போய்ச் சேருகிறது.

சிவகாசியில் இருப்பதால் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. பட்டாசில் போடும் வெடியுப்பு, அதாவது பொட்டாசியம் நைட்ரேட், வேறொரு கடையில் 13-0-45 என்ற பெயரில் உரமாக விற்கிறது. பட்டாசுக் கந்தகமும் மண்ணின் காரத்தைக் குறைக்கும் பொருள்தான். ரசாயனத்தில் சம்பந்தம் உண்டு என்பதற்காக ஆலையில் மிஞ்சிய எதையும் யாரும் தொட்டிக்குக் கொண்டுவரக் கூடாது. கலந்த மருந்து உரசலிலேயே பற்றும். அதில் அலுமினியமும், பேரியம் போன்ற நச்சு உப்பும் இருக்கலாம். பட்டாசில் பேரியம் உப்புகளை உச்ச நீதிமன்றம் 2018இல் தடைசெய்ததே அதன் தீமையைக் கருதித்தான். நாம் ரசத்தில் போடும் இலையை அதில் வளர்க்க முடியாது.

கந்தகத்தை உரக்கடையில் வாங்கியே போட்டாலும் கரிசல் மண் தொட்டியில் அது எடுபடுமா? எடுபடாது என்பதைக் கணக்கே சொல்லிவிடும். நூற்றுக்கு 5 பங்கு சுண்ணாம்பு உள்ள மண் பத்து கிலோ என்றால் தொட்டிக்குள் அரைக் கிலோ சுண்ணாம்பு. அதைக் கரைக்க 160 கிராம் கந்தகம் முழுக்க அமிலமாக மாற வேண்டும். அதற்குள் செடியும் உயிரோடிருக்காது. ஆகவே மண்ணைத் திருத்துவதைவிட மாற்றுவதே சுலபம். செம்மண், நன்றாக மக்கிய தொழு உரம், தென்னைநார்க் கழிவு மூன்றையும் கலந்த கலவை போதும். நார்க்கழிவை மட்டும் நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று தடவை அலசிப் பிழிந்தபிறகே சேர்க்க வேண்டும். அதற்கும் சொந்தமாக உப்பு உண்டு. இதற்கிடையில் வெளுத்துப்போன செடிக்கு அவசர மருந்து இலைவழிதான். லிட்டர் தண்ணீரில் 5 கிராம் ஃபெரஸ் சல்பேட், 1 கிராம் சிட்ரிக் அமிலம் கரைத்து, வெயில் தாழ்ந்தபிறகு கொழுந்து நனையத் தெளித்து, பத்து நாள் விட்டு இன்னொரு முறை தெளிக்கலாம். கிரி காட்டிய அதே வழி. வேரில் ஊற்றும் இரும்பு வாங்குவதென்றால் பாக்கெட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இ.டி.டி.ஏ. வகை இரும்பு காரமண்ணில் பிடிப்பை விட்டுவிடும், இ.டி.டி.எச்.ஏ. வகைதான் தாங்கும். இரண்டும் எழுத்தில் ஒன்றுபோலத் தெரியும், விலையில் தெரியாது.

எல்லாவற்றையும் தண்ணீர்மேல் போடவும் முடியாது. வீட்டுக்குள் இருக்கும் செடி வளராமல் நிற்பதற்கு வெளிச்சக் குறைவு தனிக் காரணம். நம் ஊர் உச்சிவெயிலில் ஒரு லட்சம் லக்ஸ் வெளிச்சம் விழுகிறது. ஜன்னலிலிருந்து உள்ளே தள்ளி, சோபாவுக்குப் பக்கத்தில் சில நூறு லக்ஸ்தான். நம் கண் தன்னைச் சரிப்படுத்திக்கொள்வதால் அந்த வித்தியாசம் நமக்கு உறைப்பதில்லை. செடிக்கு உறைக்கும். கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு, தண்டு மெலிந்து, ஜன்னல் பக்கம் சாய்ந்து நின்றால் அது வெளிச்சம் தேடுகிறது. வெளிச்சம் குறைந்த செடி தண்ணீரையும் குறைவாகவே குடிக்கும். நாமோ மாடிச் செடிக்கு ஊற்றும் அதே அளவை ஊற்றுகிறோம். மண் நனைந்தே கிடந்தால் வேருக்குக் காற்றில்லை, வேர் அழுகும், அழுகிய வேரால் இரும்பை எடுக்க முடியாது. மேலே தெரிவது மறுபடியும் மஞ்சள் கொழுந்து. சந்தேகம் இருந்தால் தொட்டியைச் சாய்த்துச் செடியை மண்கட்டியோடு உருவிப் பாருங்கள். வெண்மையாக, உறுதியாக வேர் தெரிந்தால் தண்ணீரின் தரத்தைப் பார்க்க வேண்டும். பழுப்பாகி, தொட்டால் தோல் உரிந்து, சாக்கடை வாடை அடித்தால் தண்ணீரின் அளவைப் பார்க்க வேண்டும். மொட்டைமாடியில் கறுப்பு பிளாஸ்டிக் தொட்டி என்றால் இன்னொன்று: பங்குனி, சித்திரையில் அதன் மண் சூடு 40 டிகிரியை நெருங்கும்போதே வேர் வளர்ச்சி நின்றுவிடும். இலை வடிவமே மாறினால் பூச்சியைத் தேட வேண்டும். மிளகாயில் ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டால் சிலந்தி. இலையைத் திருப்பிப் பார்க்காமல் முடிவுக்கு வரவே கூடாது.

மாற்று நீருக்கு எங்கே போவது, குடிக்கவே நல்ல தண்ணி பற்றாத ஊரில் செடிக்கா என்பது கடைசி மறுப்பு. எல்லாவற்றிலும் நியாயமானதும் இதுதான். குடிநீரைச் செடிக்கு ஊற்றச் சொல்லவில்லை. ஏ.சி. இயந்திரத்திலிருந்து சொட்டும் தண்ணீரில் உப்பு அநேகமாக இல்லை. அச்சகம், அலுவலகம், கடை என்று எத்தனையோ இடத்தில் அது சுவரில் வழிந்து போகிறது. மழை இன்னும் பெரியது. 500 சதுர அடி மாடியில் 25 மில்லிமீட்டர் மழை ஒன்று பெய்தால் 1100 லிட்டருக்கு மேல் விழுகிறது. பத்துத் தொட்டிக்குத் தினம் பத்து லிட்டர் என்றால் நூறு நாளைக்கு மேல் வரும். 2003இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது போட்ட குழாய் பல வீடுகளில் இன்றும் இருக்கிறது. அதன் வாயில் ஒரு மூடிய பீப்பாய் வைத்தால் போதும், கொசு புகாமல் வலைத்துணி கட்டி. எல்லா நாளும் மழைநீர் ஊற்ற முடியாவிட்டாலும், உப்புத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டு மாதம் ஒருமுறை மட்டும் தொட்டியின் கொள்ளளவில் இரண்டு மடங்கு மழைநீரை மெல்ல ஊற்றி அடித்துளை வழியாக ஓடவிட்டாலே அதுவரை சேர்ந்த உப்பில் பெரும்பகுதி இறங்கிவிடும். தீபாவளிச் சரக்கு லாரி ஏறி முடிகிற சமயத்தில் வடகிழக்குப் பருவமழை இங்கே இறங்கும். முதல் மழையை மாடியின் தூசியோடு வெளியே விட்டுவிட்டு இரண்டாவது மழையிலிருந்து பிடிக்கலாம். தொட்டியை அலசியபிறகு மஞ்சளான பழைய இலை முழுப்பச்சைக்குத் திரும்புமா என்று தினம் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம், அது பெரும்பாலும் அப்படியேதான் இருக்கும். பார்க்க வேண்டியது அதற்குமேல் வரும் ஈர்க்கை. இரண்டு மூன்று வாரத்தில், செம்பு நிறத்தில் மடிந்து வெளிவரும் கொழுந்து, விரிய விரியப் பச்சை பிடிக்கிறதா என்பதை.